உரிச்ச எடை

நாலு செகண்டு, அம்மிணி. முதலில் அதை எழுதிக்குங்க. மற்றதெல்லாம் அப்புறம். சின்ன எஞ்சினை மாட்டின கார் அந்த வட்டத்தை ஒரு சுற்று வர ரெண்டு நிமிஷம் ஒரு செகண்டு ஆனது. என் எஞ்சினுக்கு ஒரு நிமிஷம் ஐம்பத்தேழு. நாலு செகண்டு வித்தியாசம். முப்பத்துமூணு வருஷத்தில் இந்த நாலு செகண்டைப் பற்றி ஒருத்தராவது வாயைத் திறந்திருப்பாங்களா? கேட்டுப் பாருங்க. உங்க அப்பா பெயரைச் சொல்வாங்க. ஸ்பிரிங்கைச் சொல்வாங்க. மதகைச் சொல்வாங்க. நாலு செகண்டைச் சொல்ல மாட்டாங்க.

உட்காருங்க. அந்த ஸ்டூலில் கிரீஸ் இருக்கும், இந்தச் சாக்கைப் போட்டுக்குங்க. நீங்க யாரு என்று சொல்லவே வேண்டியதில்லை. கேட்டில் கால் வைக்கும்போதே தெரிந்துவிட்டது. உங்க அப்பா மோகனும் இப்படித்தான் நுழைவான், இடது தோளை முன்னால் விட்டுக்கொண்டு, வாசல் அவனுக்குப் போதாத மாதிரி. அப்போது உங்களுக்கு ரெண்டு வயசு இருக்குமா? மூணா. சரி.

மணி என்ன ஆகுது? மூணேகாலா. நேரம் இருக்கு.

இன்றைக்கு மாசி கடைசி சனிக்கிழமை. தெரிந்துதான் வந்தீங்களா? ஆபீஸ் லீவு என்று வந்தீங்களா. அதுவும் சரிதான். நான் இந்த ஒரு நாள் கடை திறக்கிறதில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். நீங்க தட்டினதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டானோ என்று பார்த்தேன். யாரா? சொல்றேன், இருங்க.

நீங்க போனில் சொன்னது எல்லாம் புரிந்தது. சிட்டு காரின் வெறும் கூட்டை முதலாளி மகனிடமிருந்து வாங்கியாச்சு. உடைந்த பக்கத்தில் ஃபைபர் ஒட்டிச் சரி பண்ணியாச்சு. என்னோடு அந்தக் காரில் வேலை செய்த வெங்கடபதியின் நோட்டை அவன் பெண்சாதி உங்களிடம் கொடுத்துவிட்டாங்க. அந்த நோட்டில் இருக்கிற கணக்குப்படியே ஸ்பிரிங்கும் புதுசாகச் செய்து வாங்கியாச்சு. இனி எஞ்சின்தான் பாக்கி. உங்க அப்பா கடைசியாக ஓட்டினது எப்படி இருந்ததோ அப்படியே வேணும். அடுத்த மாசம் நீங்களே ஓட்டப்போறீங்க. அவ்வளவுதானே?

அதோ நிற்கிறது, பாருங்க. தார்ப்பாயை நீங்களே எடுங்க. எனக்குத் தோள் தூக்க வரவில்லை.

ம். இதுதான். ஆயிரத்து எண்ணூறு சிசி, நாலு சிலிண்டர், முழுக்க வார்ப்பிரும்பு. தொட்டுப் பாருங்க, சுடாது. வாரம் ஒருக்கா ப்ளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி ஆயில் விட்டு, கையாலேயே நாலு சுற்றுச் சுற்றிவைப்பேன். ஒரு வாரம்கூட விட்டதில்லை. என் மகள் கல்யாணத்து அன்றைக்குக்கூட மண்டபத்திலிருந்து வந்து சுற்றிவிட்டுப் போனேன். ஏன் என்று கேட்காதீங்க. இறுகிப்போகக் கூடாது, அவ்வளவுதான்.

கேளுங்க. பெருமாள்சாமி முதலாளி பம்பு கம்பெனிக்காரர். ஊரெல்லாம் கிணற்றுக்கு மோட்டார் விற்ற மனுஷனுக்கு கார்ப் பந்தயம் என்றால் கிறுக்கு. பணக்காரன் வீட்டுப் பையன்கள் மட்டும்தான் ஓட்ட வேண்டுமா, சம்பளக்காரன் வாங்குகிற விலைக்கு ஒரு பந்தயக் கார் செய்தால் என்ன என்று கிளம்பினார். ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு, பின்னால் சரிந்து இறங்குகிற கூரை. வெறும் கூட்டை நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். சிட்டு என்று அவர்தான் பேர் வைத்தார்.

கூடு வந்தாச்சு. எந்த எஞ்சின் வைக்கிறது? அங்கே பிடித்தது சனி.

வெங்கடபதி பாலிடெக்னிக் படித்தவன். நான் அஞ்சாவது. அவன் சட்டைப் பையில் எந்நேரமும் மூணு பேனா இருக்கும். பட்டறைக்குள் ஷூ போட்டு நடப்பான். என்னைவிட ஆறு வயசு சின்னவன், ஒரு நாளாவது அண்ணா என்று வாய் வந்திருக்குமா? நாச்சிமுத்து, நாச்சிமுத்து என்றுதான். கூட்டின் வேலை, ஸ்பிரிங், பிரேக் எல்லாம் அவன் பொறுப்பு. எஞ்சின் வேலை என்னுடையது என்றுதான் முதலாளி சொல்லியிருந்தார். இவன் என்ன பண்ணினான்? எஞ்சினையும் அவனே பொறுக்கிக்கொண்டு வந்தான். ஆயிரம் சிசி, மூணு சிலிண்டர், அலுமினியம். ஒரு ஆள் மடியில் வைத்துக்கொள்ளலாம், அந்தச் சைஸ்.

நான் சும்மா இருப்பேனா?

“ஏப்பா வெங்கடபதி, இதைக் கொண்டுபோய் தையல் மிஷின்ல மாட்டு. உங்கூட்டு அம்மிணி ஜாக்கெட்டு தைக்கட்டும்” என்றேன்.

பட்டறையே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மூடினான்.

“உன்ற எஞ்சினைத் தூக்கிட்டுப் போறதுக்கு இன்னொரு எஞ்சினு வேணும் நாச்சிமுத்து. இது இலேசான வண்டி. மூக்குல பாரத்தை வெச்சா நேராப் போகும். திரும்பாது.”

அதற்கும் சிரித்தார்கள். கூலிக்காரப் பயல்கள், எதற்கும் சிரிப்பார்கள். யார் யார் சிரித்தது என்று எனக்கு இப்பவும் தெரியும். பேர் வேணுமா? ஆறு பேர். அதில் நாலு பேர் போய்ச் சேர்ந்தாச்சு.

ஒன்று சொல்லணும். அந்தச் சின்ன எஞ்சின் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கீழே ஒன்றும் இருக்காது. நாலாயிரம் சுற்றைத் தாண்டினால்தான் உசிர் வரும். கியரை மாற்றி மாற்றி, காலைத் தூக்காமல், அதைக் கொஞ்சிக்கொண்டே ஓட்டணும். என்னுடையது அப்படியில்லை. ரெண்டாயிரத்திலேயே முதுகில் கையை வைத்துத் தள்ளும். சம்பளக்காரன் ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியை உட்காரவைத்து ஓட்டுகிற வண்டிக்கு எது வேணும்? நீங்களே சொல்லுங்க. அதைத்தான் நானும் கேட்டேன்.

முதலாளி ரெண்டு பேரையும் கூப்பிட்டார்.

“சண்டையெல்லாம் வேண்டாம். ரெண்டையும் மாட்டி ஓட்டிப் பாத்துருவோம். ஒரே கூடு, ஒரே டிரைவரு. வெள்ளிக்கிழமை அது, சனிக்கிழமை இது. ஆளுக்கு மூணு சுத்து. எது வேகமோ அது வண்டிக்கு. ஆனா ஒண்ணு நாச்சிமுத்து. நூத்திப்பத்து கிலோவுக்கு மேல ஒரு கிலோ இருந்தாலும் உன்ற எஞ்சினு உள்ள போகாது. முன்பக்கம் தாங்காதுன்னு கணக்குப் போட்டுச் சொல்றான்.”

யார் கணக்கு? அவன் கணக்கு. நூத்திப்பத்து என்று முதலாளி வாயில் வந்தது, எழுதினது அவன் பேனா. என் எஞ்சினை வெளியே நிறுத்தத்தான் அந்த நம்பரே. இன்றைக்கும் நான் அதை நம்புகிறேன்.

தண்ணி குடிக்கறீங்களா? அந்தக் குடத்தில் இருக்கு. மணி மூணரையா. ம்.

இப்போது எடைக்கு வருவோம். உக்கடத்தில் பழைய எஞ்சின் வாங்கறவன் எப்படி வாங்குவான் தெரியுமா, அம்மிணி? உரிச்ச எடை. ஃப்ளைவீல் தனி வியாபாரம். கிளட்ச் தனி. டைனமோ தனி. ஸ்டார்ட்டர் மோட்டார் தனி. புகை போகிற குழாய்கூடத் தனிதான். எல்லாவற்றையும் கழற்றி, ஆயிலை வடித்துவிட்டு, வெறும் எஞ்சினைத் தராசில் வைப்பாங்க. எஞ்சின் எடை என்றால் எங்கள் தொழிலில் அதுதான் எடை. நான் பத்து வயசில் உக்கடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வேறே எடை நான் பார்த்ததில்லை.

ஹமீது பாய் கடைத் தராசில் வைத்தேன். நூத்திநாலு. பாய் சீட்டு எழுதிக் கொடுத்தார், கையெழுத்தோடு. அந்தச் சீட்டை முதலாளி மேஜையில் வைத்தேன். வெங்கடபதி எடுத்துப் பார்த்தான், நோட்டில் எழுதிக்கொண்டான். எடை எவ்வளவு என்றார்கள், எடையைச் சொன்னேன். உரிச்ச எடையா, உரிக்காத எடையா என்று படித்தவன் கேட்டானா? கேட்கவில்லையே. பாலிடெக்னிக்கில் மூணு வருஷம் என்னத்தைச் சொல்லிக்கொடுத்தாங்க?

நூத்திநாலுக்குத் தகுந்தமாதிரி முன்பக்க ஸ்பிரிங்கைச் செய்தான். ரெண்டு தடவை அழித்து ரெண்டு தடவை கணக்குப் போட்டான், நான் பார்த்தேன். அந்தக் கணக்குதான் உங்க கையில் இருக்கிற நோட்டு. எந்தப் பக்கம்? வேண்டாம், திருப்பிக் காட்ட வேண்டாம். எனக்குத் தெரியும்.

ஆறு வாரம் நான் இந்த எஞ்சினோடுதான் இருந்தேன். ஃப்ளைவீலைக் கடைசலில் சீவி எடையைக் குறைத்தேன். காற்று போகிற வழியெல்லாம் எமரி பேப்பர் போட்டுக் கண்ணாடி மாதிரி தேய்த்தேன். ரெண்டு கார்புரேட்டர். எழுபத்தஞ்சு குதிரைச் சக்தியாக வந்தது, தொண்ணூத்திரெண்டு ஆனது. எனக்குச் சோறு கொண்டுவந்த என் பெண்சாதி, “அதுக்கும் ஒரு உருண்டை வெக்கட்டுமா?” என்று கேட்டாள்.

கிணத்துக்கடவுக்கு அந்தப் பக்கம் முதலாளியின் தோப்பு. அதற்குள்ளேயே ரெண்டு மைலுக்குத் தார் போட்டு ஒரு வட்டம் வைத்திருந்தார். நேர் ரோடு முடிகிற இடத்தில் வாய்க்கால். வாய்க்கால் மேலே ஒரு மதகு, முதுகு மாதிரி தூக்கிக்கொண்டு இருக்கும். மதகு தாண்டியதும் இடது பக்கம் வளைவு. வளைவுக்கு வெளியே தென்னை வரிசை.

வெள்ளிக்கிழமை சின்ன எஞ்சின் ஓடியது. உங்க அப்பாதான் ஓட்டினான். இறங்கி வந்தான், ஹெல்மெட்டைக் கழற்றினான், எப்படிச் சிரித்தான் தெரியுமா?

“நாச்சிண்ணா, இது வண்டியே இல்லீங்ணா, செருப்பு. கால்ல போட்டதே தெரியல.”

அதை என்னிடம் ஏன் சொன்னான்? அவனிடம் சொல்லியிருக்கலாம் இல்லையா? வெங்கடபதி பக்கத்தில்தான் நின்றான். என்னிடம் வந்து சொன்னான். மோகனுக்கு என்மேல் பிரியம், தெரியும். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. அன்றைக்குச் சாயந்திரம் நான் அவனோடு டீ குடிக்கப் போகவில்லை. அவன் கூப்பிட்டான். நான் கையில் ஆயில் என்று சொல்லிவிட்டேன். கையில் ஆயில் இல்லாமல் நான் என்றைக்கு இருந்தேன்?

சனிக்கிழமை. மாசி கடைசி. எஞ்சினை மாற்றி, ஸ்பிரிங்கை மாற்றி முடிக்க மூணு மணி ஆகிவிட்டது. வெங்கடபதி வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து விரலை வைத்து அளந்தான். எழுந்தான். மறுபடி குந்தினான்.

“நாச்சிமுத்து, இங்க வா. மூக்கு ஒரு விரல்கடை தாந்து நிக்குது. எடை சரிதானா?”

“நூத்திநாலு. சீட்டு இருக்குதல்ல?”

“சீட்டை நான் பாத்தேன். நான் கேக்கறது, எடை சரிதானா?”

எல்லாரும் நிற்கிறார்கள். அந்த ஆறு பேரும் நிற்கிறார்கள். முதலாளி கையில் வாட்சை வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் கார்புரேட்டருக்குள் குனிந்திருந்தேன். நிமிரவில்லை.

“உன்ற ஸ்பிரிங்கு தொய்ஞ்சு போயிருக்கும். எஞ்சினை எதுக்குக் கேக்கற? போய் அதைப் பாரு.”

அவன் அங்கேயே நின்றான். ஷூ தெரிந்தது எனக்கு, அவ்வளவுதான். உங்க அப்பா ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னான்.

“என்னுங்ணா, ரெண்டு பேரும் பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடுமாட்ட மொறைச்சுக்கிட்டு? எடுக்கலாமா வேண்டாமா?”

வெங்கடபதி போய் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து மூக்கை ஒரு விரல்கடை தூக்கினான். தூக்கினதும் பார்வைக்கு எல்லாம் சரியாகிவிட்டது. சொன்னேன் பார், ஸ்பிரிங்குதான் என்று நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

நாலு மணிக்கு எடுத்தான். முதல் சுற்று ஒரு நிமிஷம் ஐம்பத்தொன்பது. ரெண்டாவது சுற்று ஒரு நிமிஷம் ஐம்பத்தேழு. முதலாளி வாட்சைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி வாட்சைப் பார்க்கிறார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை, அம்மிணி. என்னைப் பெற்றவர்கூட.

மூணாவது சுற்றில் மதகு.

வண்டி மதகில் ஏறி இறங்கினது. மூக்கு அடியோடு அமுங்கினது. அப்புறம் எழவில்லை. ஸ்டியரிங் திரும்பியிருந்தது, சக்கரம் திரும்பியிருந்தது, வண்டி நேராகப் போனது. தென்னையில் டிரைவர் பக்கம்.

உங்களிடம் இதைச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன்.

எஞ்சின் நிற்கவில்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாரும் மோகனைத் தூக்க ஓடினார்கள். நான் அந்தப் பக்கம் கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன். அப்புறம்தான் தோப்பில் சத்தம் அடங்கினது. எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை. பார்த்தீங்களா, இப்பவும் இல்லை.

மணி என்ன? மூணு ஐம்பதா? அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் சாத்துங்க. வேண்டாம், இருக்கட்டும். வெளிச்சம் வேணும்.

அப்புறம் விசாரித்தாங்க. போலீஸ் வந்தது, இன்ஸ்யூரன்ஸ்காரன் ஒருத்தன் வந்தான். முன் ஸ்பிரிங் பாரம் தாங்காமல் அடி தட்டியிருக்கு என்றான். ஸ்பிரிங் யார் வேலை? வெங்கடபதி வேலை. எவ்வளவு எடைக்குச் செய்தது? நோட்டில் நூத்திநாலு, அவன் கையெழுத்தில். அப்படியானால் ஸ்பிரிங் தப்பு. முடிந்தது. அவன் சத்தம் போடவில்லை. ஒன்றே ஒன்று சொன்னான்.

“எஞ்சினை எல்லாம் மாட்டின மேனிக்கே ஒருக்காத் தராசுல வெக்கணுமுங்க.”

முதலாளி எழுந்துவிட்டார். “அந்த எஞ்சினை இனி என்ற கண்ணுல காட்டாதீங்க. நாச்சிமுத்து, எடுத்துட்டுப் போயிரு” என்றார். அவர் சொன்னதைத்தான் செய்தேன். அன்றைக்கே வண்டி வைத்து இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

மறுநாள் வெங்கடபதி வந்தான். நான் முன்னாலேயே அவன் சைக்கிள் சத்தத்தைக் கேட்டுவிட்டேன்.

“வெச்சுப் பாத்துரலாம் நாச்சிமுத்து. நீயும் நானும் மட்டும்.”

“கழட்டிப் போட்டுட்டேன். துண்டு துண்டாக் கிடக்குது” என்றேன்.

அது பொய் இல்லை. சைக்கிள் சத்தம் கேட்டதுமே நான் ஃப்ளைவீல் போல்ட்டில் ஸ்பானரை வைத்துவிட்டேன். அவன் உள்ளே வரும்போது ரெண்டு போல்ட்டு கையில் இருந்தது. பார்த்தான், போய்விட்டான்.

அதற்கப்புறம் அவனுக்கு யாரும் வேலை தரவில்லை. ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தான். அதற்கு நான் என்ன பண்ணுவது? முதலாளி சிட்டுவையே மூடிப்போட்டார், எனக்கும்தான் வேலை போனது. என் நாலு செகண்டும் போனது. அதை யாரும் கணக்கில் எடுக்கிறதில்லை.

ஆனால் அவன் விட்டானா? அடுத்த வருஷம், மாசி கடைசி சனிக்கிழமை, நாலு மணி. கேட்டுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம். டக். வந்து நின்றான்.

“எடை சரிதானா?”

அவ்வளவுதான் கேட்டான். ஸ்டாண்டை எடுத்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த வருஷமும் வந்தான். அதற்கடுத்த வருஷமும். இருபத்துநாலு வருஷம், அம்மிணி. ஒரு வருஷம் நான் வேணுமென்றே பழனிக்குப் போய்விட்டேன். மறுநாள் பக்கத்துக் கடைக்காரன் சொல்கிறான், ஒருத்தர் வந்து மூடின கதவைப் பார்த்து என்னவோ கேட்டுவிட்டுப் போனார் என்று.

இதை நான் மன்னிக்கவே மாட்டேன். கோபப்பட்டு வந்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். சட்டையைப் பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன். ஒரு தடவை, டீ குடிக்கறயா என்று கேட்டேன். குடித்தான். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். அப்புறம் “எடை சரிதானா?” என்றான். மனுஷன் செய்கிற காரியமா இது?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், செத்துப்போனான். நான் சாவுக்குப் போகவில்லை. அந்த வருஷம் மாசி வந்தபோது, அப்பாடா என்று ஷட்டரை முழுசாகத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணி. டக்.

வெளியே போய்ப் பார்த்தேன். ரோட்டில் யாரும் இல்லை. வெயில் அடிக்கிறது, எதிர்க் கடையில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருக்கிறார்கள். அடுத்த வருஷமும் டக். என் மகள் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். எழுபத்துநாலு வயசுக்கு நல்ல காதுங்க என்று டாக்டர் பாராட்டி அனுப்பினார்.

சரி. இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? நான் ஒன்று சொல்கிறேன், கேட்பீங்களா? சின்ன எஞ்சினே போடுங்க. ஆமாம், நான்தான் சொல்றேன். இலேசான வண்டிக்கு அதுதான் பொருந்தும். கீழே ஒன்றும் இருக்காதுதான், ஆனால் வளைவில் கையோடு வரும். உங்க அப்பா என்ன சொன்னான்? செருப்பு மாதிரி இருக்கு என்றான். அதைவிடவா? உக்கடத்தில் நானே வந்து பொறுக்கித் தருகிறேன். இந்தக் கிழட்டு இரும்பை எதுக்குத் தூக்கிக்கொண்டு போறீங்க?

அப்பா கடைசியாக ஓட்டினது இதுதான், இதைத்தான் ஓட்டணும் என்கிறீங்க.

பிடிவாதம். தோளைப் பார்த்தபோதே தெரியும் எனக்கு.

எடை போட்டீங்களா? எடை போடப்போறீங்களா? நோட்டில்தான் இருக்கே, அப்புறம் எதுக்கு என்கிறீங்களா? ஸ்பிரிங் செய்தவரும் நூத்திநாலுக்குத்தான் செய்திருக்காரா? மூக்கு தாழ்ந்து நின்றால்? வாஷர் வைத்துத் தூக்கிக்கலாம் என்றாரா?

அப்படியா சொன்னார்.

கேட்டுச்சா?

சைக்கிள் ஸ்டாண்டு. இப்போ, கேட்டுக்கு வெளியே. உங்களுக்குக் கேட்கவில்லையா? வேண்டாம், எழுந்து பார்க்க வேண்டாம். யாரும் இருக்கமாட்டாங்க.

மணி நாலுதானே? ம்.

கொஞ்சம் இருங்க, வண்டிக்காரனை இப்பவே கூப்பிடாதீங்க. அந்த நோட்டை எடுங்க. அந்தப் பக்கத்தைத் திருப்புங்க. எனக்கு எழுத்துதான் தகராறு, நம்பர் படிப்பேன்.

நூத்தி முப்பத்தொண்ணு. எழுதுங்க. எஞ்சின் எடை நூத்தி முப்பத்தொண்ணு. அந்த ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடுங்க. வாஷரெல்லாம் வைக்காதீங்க, வாஷர் வைத்தால் உயரம்தான் சரியாகும், பாரம் அப்படியேதான் இருக்கும். நூத்தி முப்பத்தொண்ணு என்று சொல்லிப் புதுசாகச் செய்யச் சொல்லுங்க.

எப்படிக் கூடியதா? இரும்பு, அம்மிணி. முப்பத்துமூணு வருஷம் மூலையில் கிடந்திருக்கு. துரு ஏறும். ஆயில் கசடு கட்டும். இரும்பும் வயசானால் எடை போடும், மனுஷன் மாதிரி. சிரிக்காதீங்க. சிரிக்கவில்லையா? இப்படிப் பார்க்காதீங்க. மோகன் இப்படித்தான் பார்ப்பான், ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பான்.

துரு எங்கே என்கிறீங்க. கண்ணாடி மாதிரி இருக்கு என்கிறீங்க. ஆமாம். நான்தான் வாரா வாரம் துடைக்கிறேன்.

அவன் செத்த வருஷம் அந்த டக் கேட்டதற்கு மறுநாள், ஷட்டரை இறக்கிவிட்டு எல்லாவற்றையும் மாட்டினேன். ஃப்ளைவீல், கிளட்ச், டைனமோ, ஸ்டார்ட்டர், குழாய். ஆயில் ஊற்றினேன். செயின் பிளாக்கில் தொங்கு தராசைக் கோத்துத் தூக்கினேன். அந்த விளக்குக்குக் கீழேதான். முள் சுற்றிக்கொண்டு போய் நின்றது. மனசில் முன்னாலேயே ஒரு நம்பர் இருந்தது, அதில்தான் நின்றது. இருபத்தேழு கிலோ கூட.

அய்யோ, என்ன பண்றீங்க? அடிக்காதீங்க. அந்த நூத்திநாலை அடிக்காதீங்க, அம்மிணி. அது அவன் எழுத்து. அவன் சரியாகத்தான் எழுதினான். நான் சொன்னதைத்தான் எழுதினான். அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதுங்க. என் பேரைப் போட்டு எழுதுங்க. நாச்சிமுத்து சொன்னது, நூத்தி முப்பத்தொண்ணு.

எழுதியாச்சா?

ஒருக்கா வாசிங்க. இன்னும் கொஞ்சம் சத்தமாக. கேட்டு வரைக்கும் கேட்கணும்.